புரதம் கெட்டால் மூளை கெடுமா? – வாசகர் கேள்விகள்

செல்லுக்குள் கெட்டுப்போகிற புரதங்களை உடம்பு எப்படிக் கண்டுபிடித்துக் கழிக்கிறது, அந்த வேலை தடுமாறினால் அல்சைமர், பார்க்கின்சன் மாதிரி நோய்கள் எப்படித் தலையெடுக்கின்றன என்று போன இதழில் எழுதியிருந்தேன். கல்லூரியில் நான் நடத்துகிற பாடமும், ஆய்வகத்தில் மாணவர்களோடு மல்லுக்கட்டுவதும் இதைப் பற்றித்தான். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதியவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் உயிர்வேதியியல் பேராசிரியர், மருத்துவர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான்.

கேள்வி: மேடம், புரதம் என்றால் எனக்குத் தெரிந்தது பருப்பு, முட்டை, சிக்கன். அதற்கு என்ன தரக்கட்டுப்பாடு? கம்ப்யூட்டர் ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். – வேளச்சேரி வாசகர்

பதில்: நீங்கள் சாப்பிடுகிற பருப்பின் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். அவற்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கோத்துக்கொள்கிறது. நான் எழுதியது இப்படிச் செல் தயாரிக்கிற புரதங்களைப் பற்றி.

கோத்து முடித்த புரதம் வெறும் நீளச் சங்கிலிதான். தனக்கே உரிய வடிவத்தில் மடிந்தால்தான் அது வேலைக்கு ஆகும். எப்படி மடிய வேண்டும் என்கிற விவரம் அமினோ அமிலங்களின் வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். ரிபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன நொதியை ரசாயனம் போட்டுப் பிரித்துவிட்டு, பிறகு அந்த ரசாயனத்தை நீக்கிப் பார்த்தார். அது தானாகவே பழையபடி மடிந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. 1972-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊருக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று கணக்குப் போட்டு ஒரு படம் வரைந்தார்கள். இன்றைக்கும் உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அதை 'ராமச்சந்திரன் வரைபடத்தில்' வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். கிண்டி வளாகத்தைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அது கிடக்கட்டும்.

அன்ஃபின்சனின் புரதம் சோதனைக் குழாயில், தாராளமான தண்ணீரில், தன்னந்தனியாக மடிந்தது. செல்லுக்குள் அந்த வசதி கிடையாது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நின்றுகொண்டு எட்டு முழ வேட்டியை விரித்து மடிக்கப் பாருங்கள், அந்தக் கஷ்டம்தான் புதுப் புரதத்துக்கும். மடிந்த பிறகு உள்ளே மறைந்திருக்க வேண்டிய, தண்ணீருக்கு ஆகாத பகுதிகள், மடியும்வரை வெளியே தெரியும்; பக்கத்தில் இருக்கிற இன்னொரு புரதத்தின் அதே மாதிரிப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுப்பதற்கென்றே சாப்பரோன் என்ற உதவிப் புரதங்கள் இருக்கின்றன. அவை அந்தப் பகுதிகளைப் பிடித்து மறைத்து, மடிய அவகாசம் கொடுத்து, பிறகு விட்டுவிடும். சரியாக மடியவில்லை என்றால் மறுபடி பிடிக்கும்.

எத்தனை முறை முயன்றாலும் தேறாத புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதத்தைச் சங்கிலியாக ஒட்டிவிடுவார்கள் (நொதிகளை 'அவர்கள்' என்று சொல்வது எங்கள் ஆய்வகத்துப் பழக்கம், மன்னிக்கவும்). ஒட்டப்பட்டது புரோட்டியாசோம் என்கிற பீப்பாய் வடிவ இயந்திரத்துக்குள் போய்த் துண்டு துண்டாகும். யுபிக்விட்டின் மட்டும் கழற்றப்பட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிடும். இந்த முறையைக் கண்டுபிடித்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கட்டிதட்டிப் போனவை பீப்பாயின் வாய்க்குள் நுழையாது. அவற்றை ஒரு சவ்வால் சுற்றி வளைத்து, லைசோசோம் என்ற அமிலப் பைக்குக் கொண்டுபோய்க் கரைப்பது ஆட்டோஃபேஜி.

இதெல்லாம் எல்லாச் செல்லிலும் நடக்கிறது. பிறகு ஏன் மூளைக்கு மட்டும் ஆபத்து? தோல் செல், குடல் செல் எல்லாம் பிரிந்து பெருகும். பெருகும்போது உள்ளே சேர்ந்த கசடு இரண்டாகப் பங்கு போய்விடும். நரம்பு செல் பிரிவதில்லை. உங்களுக்கு 70 வயது என்றால் உங்கள் நரம்பு செல்களில் பெரும்பாலானவற்றுக்கும் 70 வயதுதான். போதாததற்கு, முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு மீட்டர் நீளத்துக்குப் போகிற நரம்பு இழை உண்டு. அதன் கடைசி முனையில் கெட்டுப்போனதைக் கழிக்க இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வர வேண்டும். 2006-இல் ஜப்பானில் இரண்டு குழுக்கள் எலியின் நரம்பு செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜியை நிறுத்திப் பார்த்தார்கள். வேறு எந்த நோய்ப் புரதத்தையும் அவர்கள் சேர்க்கவில்லை. அப்படியும் எலிகளின் நரம்பு செல்களில் புரதக் குவியல்கள் வந்தன, நடை தடுமாறியது, செல்கள் செத்தன. வெளியிலிருந்து ஒரு விஷமும் வர வேண்டியதில்லை, அன்றாடக் கழிவு அகற்றல் நின்றாலே போதும் என்று அதிலிருந்து புரிந்தது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன். லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் நன்றாக நடக்கிறவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படியே இறுகிப்போய் உட்கார்ந்துவிடுகிறார். "உடம்பில் சத்தில்லை, புரோட்டீன் பவுடர் கொடு" என்று மாமா ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார். இன்னொருவர் பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது? – திருவல்லிக்கேணி வாசகி

பதில்: அந்த டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள், மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகவும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும், சாப்பாட்டிலிருந்து வரும் சில அமினோ அமிலங்கள் போகிற அதே வாசலைத்தான் அது பயன்படுத்துகிறது. மதியம் பருப்பு, தயிர், சுண்டல் என்று சாப்பிட்டு அதோடு மாத்திரையும் போட்டால் வாசலில் நெரிசல், மருந்து வெளியே நின்றுவிடும். மதியம் இறுகிப்போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் கொடுப்பது, புரதம் அதிகமுள்ள உணவை ராத்திரிக்குத் தள்ளுவது என்று நரம்பியல் மருத்துவர்கள் சொல்வது வழக்கம். உங்கள் மருத்துவரிடம் மதியம் நடப்பதை மணிக் கணக்கோடு எழுதிக் காட்டுங்கள், அவர் நேரத்தை மாற்றித் தருவார். புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருப்பவர் இன்னும் இளைப்பார்.

பூனைக்காலி விஷயம் சுவாரஸ்யமானது. அந்த விதையில் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் இதே சென்னையில் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருந்த தாமோதரனும் ராமசாமியும். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தானது 1960-களில், ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து! ஆனால் இதே காரணத்தால்தான் நான் வேண்டாம் என்கிறேன். மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது, பொடியில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்தால் அளவு எகிறி, கை கால் தானாக ஆடுவது, வாந்தி, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அப்பாவின் மூளையில் குவிவது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற 140 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். நடுக்கம் வெளியே தெரிகிறபோது உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிற செல்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கை காலை உதறிக் கத்துவது இதெல்லாம் பல வருடம் முன்பே வந்திருக்கக்கூடும். மாத்திரை குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டுகிறது, குவியலைக் கரைப்பதில்லை. குவியலைக் கரைக்கும் மருந்து என்று இன்றைக்கு யார் எதை விற்றாலும் நம்ப வேண்டாம்.

கேள்வி: மஞ்சள், வல்லாரை? – நங்கநல்லூர் வாசகர்

பதில்: சமையலுக்குத் தாராளமாக. மஞ்சளில் இருக்கிற குர்குமின், அல்சைமரில் மூளையில் குவிகிற அமிலாய்டு என்ற புரதத்தில், சோதனைக் குழாயில் ஒட்டுகிறது, உண்மைதான். வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேர்கிறது. அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சின்னச் சின்னப் பரிசோதனைகளில் பலன் தெரியவில்லை. வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும், மருந்தாகச் சாப்பிடுவதில்லை.

கேள்வி: மாமியாருக்கு அல்சைமர். நான்தான் ஊட்டிவிடுகிறேன், குளிப்பாட்டுகிறேன். கெட்ட புரதம் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் பரவும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் அக்கா, "குழந்தையை அவர் பக்கத்தில் விடாதே" என்கிறாள். பயமாக இருக்கிறது. – வில்லிவாக்கம் வாசகி

பதில்: பயப்படாதீர்கள். பேத்தி பாட்டி மடியில் உட்காரட்டும், ஒரே தட்டில் சாப்பிடட்டும். அல்சைமர் தொட்டால், தும்மினால், எச்சில் பட்டால் வருகிற நோய் இல்லை.

அக்கா கேட்டதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது, அதனால் விளக்கிவிடுகிறேன். பிரியான் என்று ஒரு வகைப் புரதம் உண்டு. தப்பாக மடிந்த ஒன்று பக்கத்தில் இருக்கிற நல்லதையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். கிருமி இல்லாமல், மரபணு இல்லாமல், வெறும் புரதத்தால் ஒரு நோய் தொற்ற முடியும் என்று 1982-இல் ஸ்டான்லி புரூசினர் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. 1997-இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். பாப்புவா நியூ கினியில் ஃபோரே மக்களிடம் இறந்த உறவினர்களின் உடலை உண்ணும் சடங்கு இருந்தது, அதன் வழியாகத்தான் குரு என்ற பிரியான் நோய் பரவியது. 1960 வாக்கில் சடங்கு நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்கு நோய் தலைகாட்டியது. அவ்வளவு மெதுவான நோய். மனிதரில் வருகிற இன்னொரு பிரியான் நோயான சி.ஜே.டி. (க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கப் நோய்) பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான்.

அல்சைமரின் பீட்டா அமிலாய்டும் டௌ புரதமும் ஒரு தலைக்குள்ளேயே ஏறக்குறைய இதே மாதிரி பரவுகின்றன. தலை விட்டுத் தலை போன சம்பவமும் ஒன்று உண்டு. பிரிட்டனில் 1959 முதல் 1985 வரை, வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கு இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். அப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு நடுவயதிலேயே அல்சைமர் அறிகுறி வந்ததை 2024-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அந்த முறை கைவிடப்பட்டு 40 வருடம் ஆகிவிட்டது. ஊட்டிவிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், உங்களுக்கும் ஓய்வு வேண்டும்.

கேள்வி: முட்டையைச் சூடு பண்ணினால் இறுகுகிறது. கத்திரி வெயிலில் நம் மூளைப் புரதமும் அப்படி ஆகுமா? – ராயபுரம், பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: அருமையான கேள்வி, தம்பி. வெளியே 42 டிகிரி அடித்தாலும் வியர்வை உன் உள்ளுடம்பை 37-க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு விட்டுப்போய் உடம்பே 40-ஐத் தாண்டினால் அது வெப்பவாதம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லேசாகச் சூடு ஏறினாலே செல் உஷாராகிக் கூடுதலாக சாப்பரோன் தயாரிக்கும். இது தெரியவந்த கதை வேடிக்கை: இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் வெப்பநிலையை ஏற்றிவிட்டார்கள். ஈக்களின் குரோமோசோம் சில இடங்களில் புதிதாக உப்பியிருந்தது. அவர் எரிச்சல்படாமல் அது என்ன என்று பார்த்தார், 1962-இல் எழுதினார். அந்த உப்பலிலிருந்து உருவாகிற புரதங்கள்தான் சாப்பரோன்களில் பல. மே மாதம் மதியம் கிரிக்கெட் விளையாடாதே, அவ்வளவுதான்.

கேள்வி: ஏகாதசி விரதம் இருந்தால் ஆட்டோஃபேஜி நடந்து மூளை சுத்தமாகும், இதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, 61 வயது. இருக்கலாமா? – மயிலாப்பூர் வாசகர்

பதில்: யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது உண்மை. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட், அதாவது மாவு பொங்க வைக்கிற ஒற்றைச் செல் பூஞ்சை. அதைப் பட்டினி போட்டு, உள்ளே குமிழ்கள் சேர்வதை நுண்ணோக்கியில் பார்த்து, எந்தெந்த மரபணுக்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். மனிதர்கள் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பட்டினியில் எலியின் கல்லீரலில் ஆட்டோஃபேஜி நன்றாகவே கூடுகிறது. மூளைக்கோ உடம்பு கடைசி வரைக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்கும், அங்கே அவ்வளவு தெளிவான விளைவு கிடைக்கவில்லை. விரதத்தால் மனிதருக்கு அல்சைமர் தடுக்கப்படும் என்று காட்டிய பரிசோதனை எதுவும் கிடையாது.

பெருமாளுக்காக விரதம் இருப்பது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு முழுநாள் பட்டினி கிடந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும், மயக்கம் போட்டு விழுவீர்கள். மூளைக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. மருத்துவரைக் கேட்டு, மாத்திரையைச் சரிசெய்துகொண்டு, பழமும் பாலுமாக இருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவருக்கு ஒன்றும் பதில் போட வேண்டாம், வீண் சண்டை.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி, அம்மாவை அங்கே கூட்டிவா, அமிலாய்டைக் கரைக்கிற ஊசி வந்துவிட்டது, குணமாகிவிடும் என்கிறான். அம்மாவுக்கு 79 வயது. மூன்று வருடமாக என்னையே யார் என்று கேட்கிறார். வீட்டை விற்றாவது போகலாமா? – அண்ணா நகர் வாசகர்

பதில்: வீட்டை விற்காதீர்கள். தம்பி சொல்வது லெகனெமாப் என்ற மருந்தாக இருக்கும், 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டோனனெமாப் என்று இன்னொன்று 2024-இல் வந்தது. லெகனெமாபின் பரிசோதனையில் 1,795 பேர் இருந்தார்கள், எல்லோருமே நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள். 18 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். அமிலாய்டு நிஜமாகவே குறைந்தது. மறதி? நின்றுவிடவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிற இந்த எண்ணுக்குப் பின்னால், 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம் இருக்கிறது. மருந்து ஏற்றியவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பலருக்கு அது தெரியாமலே சரியாகிவிட்டது, சிலருக்கு விபரீதமானது. அறிமுகமானபோது வருட விலை 26,500 டாலர், ஸ்கேன் செலவு தனி.

உங்கள் அம்மா இருக்கிற கட்டத்துக்கு இந்த மருந்தைத் தருவதே இல்லை. தம்பியிடம் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். தூரத்தில் இருப்பவர்களுக்கு எதையாவது செய்தே ஆக வேண்டும் என்கிற தவிப்பு அதிகம், அந்தப் பணத்தில் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று பார்த்துக்கொள்ள ஆள் போடச் சொல்லுங்கள்.

விஞ்ஞானமாக எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. அமிலாய்டு மூளையில் சேர ஆரம்பிப்பது அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்னால். மறுபக்கம், மூளையில் அமிலாய்டு இருந்தும் நினைவு நன்றாகவே இருக்கிற முதியவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அப்படியானால் குவியல்தான் கொல்கிறதா, இல்லை குவியல் சேருகிற அளவுக்குக் கழிவு அகற்றல் தளர்ந்துபோனதுதான் வியாதியா? அமிலாய்டு உற்பத்தியையே தடுக்கிற மாத்திரைகளை முன்பு பரிசோதித்தார்கள், சிலவற்றில் நினைவாற்றல் இன்னும் மோசமானது. இந்த ஊசிகள் கொஞ்சம் பலன் தருவதால் அமிலாய்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருடம் இத்தனை கோடியை ஒரே புரதத்தின் மேல் கொட்டியதற்குப் பதில், சாப்பரோன் ஏன் வயதானால் சோம்பிப் போகிறது, லைசோசோமின் அமிலம் ஏன் நீர்த்துப் போகிறது என்ற பக்கமும் கொஞ்சம் கொட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். துறையில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

கேள்வி: பாட்டிக்கு மறதி நோய் இருந்தது, இப்போது அம்மாவுக்கும். எனக்கு 35. மரபணு டெஸ்ட் எடுக்கவா? – பெரம்பூர் வாசகி

பதில்: பாட்டிக்கும் அம்மாவுக்கும் எந்த வயதில் வந்தது என்று எழுதவில்லையே! 70-க்கு மேல் என்றால் அது ஊரில் பலருக்கும் வருவதுதான். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்கிற மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. 40, 50 வயதிலேயே, ஒவ்வொரு தலைமுறையிலும் வந்திருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரையும் மரபணு ஆலோசகரையும் பாருங்கள். அப்படி ஒற்றை மரபணுக் கோளாறால் நேராக வருகிற அல்சைமர் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஏபோஈ-4 என்று ஒரு மரபணு வகை இருக்கிறது, ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு என்று மேற்கத்திய ஆய்வுகள் சொல்கின்றன. அது இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமல் வந்தவர்களும் உண்டு. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் செய்யப்போவது என்ன? ராத்திரி தூங்காமல் இருப்பதுதான். நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்.

கேள்வி: பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். மனித மூளை நோயை ஆராய்கிறோம் என்று சொல்லிவிட்டு ஈஸ்டும் புழுவும் வளர்க்கிறீர்களே, வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். இதில் உண்மையிலேயே மனிதருக்கு என்ன கிடைத்திருக்கிறது? – தாம்பரம் மாணவி

பதில்: என் வீட்டிலும் சிரித்தார்கள், கண்ணு. பரம்பரையாக வந்து மூளையின் நரம்பு செல்களை அழிக்கிற ஹன்டிங்டன் நோயை எடுத்துக்கொள். ஹன்டிங்டின் என்ற புரதத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். 35 வரை இருந்தால் ஒன்றுமில்லை, 40-ஐத் தொட்டால் நோய் நிச்சயம். இந்த வரிசை நீள்வதுதான் காரணம் என்று 1993-இல் மரபணு கிடைத்தபோது தெரிந்தது. பிறகு ரிச்சர்ட் மோரிமோட்டோவின் ஆய்வகத்தில் சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் உடம்பில், மஞ்சளாக ஒளிரும் புரதத்தோடு வெவ்வேறு நீளக் குளுட்டமின் சங்கிலிகளைச் சேர்த்தார்கள். 35-இலிருந்து 40-க்குள் எண்ணிக்கை போனதும் மஞ்சள் நிறம் புள்ளி புள்ளியாகத் திரண்டது! மனிதரில் நோய் ஆரம்பிக்கிற அதே எல்லை. அதோடு இன்னொன்று: இளம் புழுவில் பரவலாகக் கரைந்திருந்த புரதம், வயதாக ஆகத் திரள்கிறது. மனித மூளையில் பல பத்தாண்டுகளில் நடப்பதை இரண்டு மூன்று வாரம் வாழ்கிற, மொத்தமே 302 நரம்பு செல் உள்ள, உடம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பிராணியில் உயிரோடு பார்க்க முடிகிறது. மனிதரை வைத்து இதைச் செய்ய யார் விடுவார்கள்?

ஈஸ்டுக்கும் ஒரு கதை சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. புரதத்தைக் கோக்கிற ரிபோசோம் சில சமயம் பாதியில் மாட்டிக்கொள்ளும். அரைகுறைச் சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கும். அதை என்ன செய்வார்கள் என்று நெடுநாள் யாரும் பெரிதாகக் கேட்கவே இல்லை. 2009-இல் ஒரு எலி வகையில், பிறந்து சில வாரங்களில் நடை தடுமாறி, இயக்க நரம்புகள் சாவதற்குக் காரணம் லிஸ்டெரின் என்ற ஒரே நொதியின் பழுது என்று கண்டுபிடித்தார்கள் (வாய் கொப்பளிக்கிற லிஸ்டெரின் இல்லை!). அந்த நொதி என்ன வேலை செய்கிறது? எலியில் பார்த்தால் தெரியவில்லை. அடுத்த வருடம் ஈஸ்டில் அதன் உறவுக்கார நொதியைப் பார்த்தபோதுதான், மாட்டிக்கொண்ட ரிபோசோமிலேயே போய் நின்று, தொங்குகிற அரைகுறைச் சங்கிலிக்கு யுபிக்விட்டின் ஒட்டுகிறது என்று புரிந்தது. பிறந்த இடத்திலேயே நடக்கிற தரப் பரிசோதனை. இப்போது ரிபோசோம் தரக்கட்டுப்பாடு என்று தனித் துறையே ஆகிவிட்டது.

மருந்தாக என்ன கிடைத்தது என்று வீட்டில் கேட்டால் பார்ட்டெசோமிப் என்று சொல். புரோட்டியாசோமை அடைக்கிற மருந்து, 2003-இலிருந்து மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். அந்தப் புற்றுச் செல்கள் ஓயாமல் புரதம் தயாரிப்பவை, கழிவு அகற்றலை நிறுத்தினால் தங்கள் குப்பையிலேயே மூழ்கிச் சாகும். அதன் முக்கியமான பக்க விளைவு கை கால் மரத்துப்போவது என்பதையும் கவனி, நரம்பைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று யோசி. மூளை நோய்க்கு எதிர்த்திசையில், அதாவது அகற்றலை முடுக்கிவிட, மருந்து வேண்டும். அது இன்னும் கிடைக்கவில்லை, உன் வயதுக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு எழுது, அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட். மாஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காண்கிற முறை) தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புள்ளியியலைத் தள்ளிப் போடாதே.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. ஒரு வருடமாகக் காது சரியாகக் கேட்பதில்லை, கேட்டதையே கேட்கிறார், பால் பொங்கி வழிந்தாலும் கவனிப்பதில்லை. "வயசானா அப்படித்தான்" என்கிறார் அப்பா. இது அதுதானா? – கொளத்தூர் வாசகி

பதில்: அதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், வீட்டிலிருந்தபடி கண்டுபிடிக்க முடியாது, அப்பாவாலும் முடியாது. முதலில் சரிசெய்யக்கூடியவற்றைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி-12 இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. சுத்த சைவம் சாப்பிடுகிற வீடுகளில் பி-12 குறைவு மிகச் சாதாரணம், அதுவும் மறதியாகத்தான் வெளிவரும். மனச்சோர்வா என்று கேளுங்கள். தூக்கத்துக்கோ அலர்ஜிக்கோ கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை இருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், வயதானவர்களுக்குச் சில மாத்திரைகளே குழப்பத்தைக் கொண்டுவரும்.

காதை உடனே பாருங்கள். லான்செட் ஆணையம் 2024-இல் டிமென்ஷியாவுக்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது, அனைத்தையும் சரிசெய்தால் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. மேலே இருக்கிற இரண்டில் ஒன்று காது கேளாமை, மற்றது கெட்ட கொழுப்பு. புரதம் மடிவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் காது மெஷின் வாங்கச் சொல்கிறேனே என்று நினைப்பீர்கள். இன்றைய தேதிக்கு என்னால் சொல்ல முடிகிறதில் ஆதாரம் உள்ளது இதுதான்.

சென்னையில் நரம்பியல் பிரிவு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது, செலவு இல்லை. முதியோரின் மறதிக்கென்று ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பும் தனிப் பிரிவு நடத்துகிறது. போகும்போது அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மறதி எப்போது ஆரம்பித்தது, எதை மறக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அம்மாவைப் பேச விடுங்கள். அப்பாவையும் கூட்டிப் போனால், அவருக்கும் காதை ஒருமுறை பார்த்துவிடலாம்.